முதல் துண்டு யார்டுக்குப் போனவனுக்கு

1. காலிப் பெட்டிக்குக் காவல்

கிடர்பூர் டாக்கில் என் முதல் நாள் வேலை, பெட்டிகளை அடுக்கி வைக்கும் யார்டில் ஒரு கன்டெய்னருக்கு மூன்று மணி நேரம் காவல் நின்றது. மே மாத வெயில். "இந்தப் பெட்டிய விட்டு அங்க இங்க நகரப்படாது வே, உள்ள விலை ஒசந்த சாமான்" என்று சொல்லி நிறுத்திவிட்டுப் போனவர் செல்வராஜ். நான் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு நின்றேன். கிரேன்காரர்கள் மேலிருந்து பார்த்துச் சிரித்தார்கள். புது ஆளுக்கு வரவேற்பு என்று நினைத்து நானும் கையசைத்தேன். சாயங்காலம் ஓர் ஆள் வந்து கதவைத் திறந்தான். உள்ளே ஒரு துடைப்பமும் ஒற்றை ரப்பர் செருப்பும் இருந்தன.

அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. ஏமாறுவதற்கும் ஒரு வயது வரம்பு உண்டு, அதை நான் எப்போதோ தாண்டியிருந்தேன். இருபது வருஷம் ஒரு தேயிலைக் கம்பெனி ஆபீஸில் ஃபைல் நகர்த்தியவன். கம்பெனியை மூடிவிட்டார்கள். தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் சேர்ந்தேன். வெளிநாட்டிலிருந்து வரும் சரக்குக்குக் கஸ்டம்ஸ் காகிதங்களை முடித்து, டாக்கிலிருந்து வெளியே எடுத்து, லாரி ஏற்றிச் சரக்குக்காரரிடம் சேர்ப்பது எங்கள் தொழில். இப்போது இதில் சேர்கிற பிள்ளைகள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செல்வராஜ் தூத்துக்குடிக்காரர். என்னைவிட வயதில் ஐந்து சிறியவர், தொழிலில் பதினைந்து பெரியவர். நான் லேக் கார்டன்ஸில் பிறந்து வளர்ந்தவன்; தாத்தா காலத்திலேயே கும்பகோணத்தை விட்டு வங்காளத்துக்கு வந்துவிட்டோம். என் தமிழைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு. "ஒம்ம தமிழ்ல ரசகுல்லா ஜீரா சொட்டுது வே. பேசி முடிச்சதும் வாயத் தொடச்சுக்கிடும்."

அன்று மாலை என்னைச் சமாதானப்படுத்த டாக் சுவருக்குப் பின்னால் இருந்த நசீம் பாயின் கபாப் கடைக்குக் கூட்டிப்போனார். லாரி சூப்பர்வைசர் தபன் ஏற்கெனவே அங்கே இருந்தான். என் கதை எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. தபன் வங்காளி; அவன் பேசியதையெல்லாம் இங்கே தமிழில் தருகிறேன். "மணிதா, பெட்டிக்குள்ள துடைப்பம் பத்திரமா இருந்ததா?" என்று கேட்டான். என் பெயர் சுப்ரமணி. அந்த நிமிஷத்திலிருந்து டாக்குக்கு நான் மணிதா, அதாவது மணி அண்ணன்.

கபாப் கோத்த முதல் கம்பி வந்ததும் தபன் கை நீட்டினான். செல்வா அதைத் தட்டிவிட்டார். "எலேய், கைய எடு. வெயில்ல நின்னது இவரு. காலிப் பெட்டியோ நெறஞ்ச பெட்டியோ, நின்னது நெசந்தான. மொத துண்டு யார்டுக்குப் போனவருக்கு."

அப்படித்தான் அந்தச் சட்டம் பிறந்தது.

2. கடையும் காகிதமும்

கடை என்று சொல்வது மரியாதைக்காக. தகரக் கூரை, மூங்கில் கால், மண் தரை. சாக்கடை ஓரமாக நீளமான இரும்புத் தொட்டியில் கரி கனன்றுகொண்டிருக்கும். நசீம் பாய் பனையோலை விசிறியால் விசிறியபடி நிற்பார். சுட்டு முடித்த ஒவ்வொரு கம்பியையும் தொட்டியின் விளிம்பில் டக் டக் என்று இரண்டு தட்டுத் தட்டுவார். ஒட்டியிருக்கும் சாம்பல் உதிரும். அவர் கடையின் மணி அதுதான். கூரைக்கு அடியில் இருந்தது ஒரே ஒரு பெஞ்சு. டாக்கில் உடைந்த மரப்பெட்டிகளின் பலகையில் செய்தது. "இந்தப் பக்கம் மேலே" என்ற ஆங்கில எழுத்து அதில் தலைகீழாக இருக்கும். நாங்கள் மூன்று பேரும் அந்த எழுத்தின்மேல்தான் உட்காருவோம்.

அங்கே நாங்கள் சாப்பிட்டது நூல் கபாப். கொத்தின மாட்டுக்கறி மசாலாவோடு குழைந்து குழைந்து, கம்பியில் நிற்காத அளவுக்கு மெத்தென்று ஆகிவிடும். அதனால் வெள்ளை நூலைச் சுற்றிக் கட்டிச் சுடுவார்கள். தட்டுக்கு வந்ததும் நூலின் நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்து அவிழ்க்க வேண்டும். அவசரப்பட்டால் கறி தூள் தூளாகிவிடும். செல்வா அதில் கெட்டிக்காரர். எனக்கு எப்போதும் தூள்தான்.

வீட்டில் என் மனைவி கேள்வி கேட்க மாட்டாள். "சட்டையைப் பால்கனியில போடுங்க. குளிச்சுட்டு உள்ள வாங்க. என்ன சாப்பிட்டீங்கன்னு சொல்லாதீங்க" என்பாள். மூன்று கட்டளைகளையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

கபாப்பைப் பற்றி மட்டும் எழுதினால் என் எடையைப் பார்க்கிறவர்கள் நம்பிவிடுவார்கள். தொழிலுக்கு வருகிறேன்.

கன்டெய்னர் கதவில் ஒரு சீல் இருக்கும். விரல் பருமனில் ஒரு இரும்பு ஆணி, அதில் பொறித்த எண். சரக்கை அனுப்புகிறவர் பூட்டும்போது போடுவது. அதே எண் கப்பல் காகிதத்திலும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் வழியில் யாரும் பெட்டியைத் திறக்கவில்லை என்று பொருள். ஒன்றாக இல்லாவிட்டால் டாக் கேட்டைத் தாண்டும் முன்பே நிறுத்தி, சரக்கைச் சோதிக்கும் சர்வேயரை வரவழைத்து, அவர் முன்னால் திறக்க வேண்டும். கேட்டைத் தாண்டிவிட்டால் எவ்வளவு கத்தினாலும் இன்ஷூரன்ஸ்காரன் காதில் விழாது.

இதற்கு எங்கள் ஆபீஸில் ஒரு சீல் ஷீட் உண்டு. காகிதத்தில் உள்ள எண், பெட்டியில் உள்ள எண், நேரில் பார்த்தவர், கையெழுத்து என்று நான்கு கட்டம். கஸ்டம்ஸ் பரீட்சை எழுதித் தேறியவருக்கு G-கார்டு. அவர்தான் கையெழுத்துப் போடலாம். என்னைப் போன்ற எடுபிடிகளுக்கு H-கார்டு. செல்வாவிடம் G-கார்டு இருந்தது. யார்டுக்குள் நடந்துபோய் எண்ணைப் படித்துப் போனில் சொல்வது நான். டாக் ஆபீஸில் உட்கார்ந்து எழுதுவது அவர். 'நேரில் பார்த்தவர்' கட்டத்திலும் தன் பெயரையே எழுதிவிடுவார். H-கார்டுக்காரன் பார்த்தான் என்று எழுதினால் மேலே நூறு கேள்வி வரும். கிடர்பூரில் பாதி ஆபீஸ்கள் அப்படித்தான் செய்தன. பார்ப்பது ஒருவன், பார்த்ததாக எழுதுவது இன்னொருவன். இடையில் இருந்தது ஒரு போன் லைனும் நட்பும்.

ஆறு வருஷம் இது ஓடியது. யார்டில் வெயிலோ சேறோ மிதித்து வந்தவனுக்கு வெள்ளிக்கிழமை மாலை முதல் துண்டு. பெரும்பாலும் அது நான்தான். சில நாள் லாரியோடு உள்ளே போன தபன். சட்டம் ஒருநாளும் பிசகவில்லை.

3. அந்த வெள்ளிக்கிழமை

பூஜைக்கு முந்தின வாரம். காலையிலிருந்து மழை. ஹௌரா பக்கம் பம்ப் செய்கிற ஒரு சின்னப் பட்டறைக்காரருக்கு வந்த பேரிங் கன்டெய்னர் ஒன்று பாக்கி. கஸ்டம்ஸ் திறந்து பார்க்க வேண்டியதில்லை என்று உத்தரவு வந்துவிட்டது. சீலைச் சரிபார்த்துத் தூக்கி லாரியில் வைத்தால் போதும். பெட்டி யார்டின் கடைசி வரிசையில் இருந்தது. போகும் வழியெல்லாம் முழங்கால் சேறு.

நான் குடையோடு கிளம்பினேன். கிளம்பியது உண்மை. இதை என் பக்கத்து வாதமாகக் குறித்துக்கொள்ளுங்கள், இதைவிட நல்ல வாதம் என்னிடம் கிடையாது. யார்டு முனையில் நின்று சேற்றைப் பார்த்தேன். பிறகு மணியைப் பார்த்தேன். ஐந்தே முக்கால். ஆறு மணிக்கு மேல் போனால் நசீம் பாய் கடையில் கூரைக்கு அடியில் இருக்கும் பெஞ்சை லாரிக்காரர்கள் பிடித்துவிடுவார்கள். மழையில் நின்றுகொண்டு நூல் கபாப் தின்ன முடியாது. கப்பல் காகிதத்தின் நகல் பிளாஸ்டிக் உறைக்குள் என் கையில் இருந்தது. அதில் சீல் எண் இருந்தது. ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட அது மாறி இருந்ததில்லை.

நான் திரும்பி, கேட்டைத் தாண்டி, கடைக்குப் போய்ப் பெஞ்சைப் பிடித்தேன்.

போன் அடித்தது. செல்வா. "வே, பெட்டி முன்னாடி நிக்கீரா?"

"நிக்கிறேன்பா. கதவுல மூக்கு ஒட்டிக்கிட்டு இருக்கு."

உண்மையில் என் மூக்கு இருந்த இடம் கரித்தொட்டிக்கு மேலே.

அந்தப் பக்கம் ஒரு கணம் பேச்சில்லை. மழையில் லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "சரி, சொல்லும்" என்றார். காகிதத்தைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக, சிரமப்பட்டுப் படிப்பவன்போல இடையிடையே நிறுத்திச் சொன்னேன். துரு இருக்கிறது, ஆறா எட்டா தெரியவில்லை என்றுகூட நடித்தேன். நல்ல நடிப்பு. கைதட்ட ஆள் இல்லை.

அரைமணி நேரத்தில் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து வந்தார்கள். கேட்டில் நின்று லாரியை அனுப்பிவிட்டதாகத் தபன் சொன்னான். கம்பி வந்தது. செல்வா நூலை அவிழ்த்தார். சுருளாமல், உடையாமல், முழுத் துண்டு. அதை எடுத்து என் தட்டில் வைத்தார்.

"யார்டுக்குப் போனவருக்கு."

அப்போதுதான் என் செருப்பு நினைவுக்கு வந்தது. ஒரு பொட்டுச் சேறு இல்லாமல், துடைத்து வைத்தாற்போலக் கிடந்தது. கால்களைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். துண்டை வாயில் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. வாயில் வைத்ததும் கசந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் அது பொய். நான் இரண்டு தட்டு தின்றேன்.

4. செங்கல்

திங்கட்கிழமை காலை பட்டறைக்காரர் எங்கள் முதலாளி தத்தா பாபுவின் அறைக்கு வந்தார். மெலிந்த, பேச்சுக் குறைந்த மனிதர். பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்துப் பிரித்தார். அரைச் செங்கல்.

"தத்தா பாபு, இந்த பேரிங்குக்கு எந்தப் பக்கம் கிரீஸ் போடணும்?" என்று கேட்டார்.

முன் வரிசை அட்டைப்பெட்டிகளில் பேரிங். பின்னால் இருந்ததெல்லாம் செங்கல். வழியில் எங்கோ, எந்தத் துறைமுகத்திலோ, யாரோ சீலை வெட்டி, சரக்கை எடுத்து, கல்லை நிரப்பி, வேறு சீல் போட்டிருக்கிறார்கள். பட்டறையில் வெட்டியெடுத்த சீலை அவர் பத்திரமாகக் கொண்டு வந்திருந்தார். காகிதத்தில் இருந்த எண்ணோடு ஓர் இலக்கம்கூட ஒத்துப்போகவில்லை. ஆறா எட்டா என்று குழம்பவும் வழி இல்லை, அதில் இரண்டுமே கிடையாது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் எங்கள் ஷீட்டில் 'எண் சரி' என்று இருந்தது. டாக்கிலிருந்து சீல் சரியாகத்தான் வெளியே போனது, நஷ்டஈடு கிடையாது என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் எங்கள் ஷீட்டையே காட்டிவிட்டார்கள்.

மறுநாள் தத்தா பாபு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். செங்கல் இன்னும் மேஜைமேல் இருந்தது. பக்கத்தில் சீல் ஷீட்.

உள்ளே போகும் முன்பே எனக்குக் கணக்குத் தெரியும். என்னுடையது H-கார்டு, போனால் ஓர் எடுபிடி வேலை போகும். செல்வாவுடையது G-கார்டு. கம்பெனி அதைக் கஸ்டம்ஸிடம் திருப்பி ஒப்படைத்துவிட்டால், இப்படி ஒரு காரணத்தோடு வெளியேறுகிறவரை வேறு எந்த ஏஜென்டும் சேர்க்க மாட்டார். அவர் பெண் ஜாதவ்பூரில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். அவருக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான்.

தத்தா பாபு கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒரு கேள்விதான். இந்த சீலைக் கண்ணால பாத்தது யார்?"

செல்வா பதில் சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. எல்லோரும் காத்திருந்தார்கள். எனக்குப் பேச்சு வராமல் இருந்ததே இல்லை, அன்றும் வந்தது.

"சார், அந்த மழையில சீலை நான் பாக்கறது இருக்கட்டும், கன்டெய்னரே என்னைப் பாத்திருக்காது."

தத்தா பாபுவுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. வாசலில் நின்ற அக்கவுன்டன்ட் சிரித்தார். செல்வாவும் சிரித்தார். உண்மையைத்தான் சொல்லியிருந்தேன், ஆனால் யாரும் எடுத்துக்கொள்ள முடியாதபடி பொட்டலம் கட்டிச் சொல்லியிருந்தேன். சிரிப்பு அடங்கியதும் தத்தா பாபு முகத்தை மாற்றிக்கொண்டார். "சுப்ரமணி, இது தமாஷ் இல்லை. செல்வராஜ், நீ சொல்."

"நான்தான் சார் பாத்தேன். கட்டத்துல என் பேருதான இருக்கு. கையெழுத்தும் என்னோடது."

வெளியே வந்தோம். படிக்கட்டில் இறங்கினோம். "டீ குடிப்பமா?" என்று கேட்டேன். "நீரு குடியும்வே" என்றார்.

5. நாற்காலி

செல்வாவின் கார்டை ஒப்படைத்துவிட்டார்கள். அவர் இடத்துக்கு G-கார்டுக்காரர் ஒருவர் தேவைப்பட்டார். என்னைப் பரீட்சைக்கு அனுப்பினார்கள். முதல் தடவை தோற்றேன். இரண்டாம் தடவை தேறினேன். அவர் நாற்காலியில் ஒன்பது வருஷம் உட்கார்ந்தேன். அதில் ஒரு கால் குட்டை. அவர் மடித்து வைத்திருந்த அட்டைத் துண்டுகூட அப்படியே இருந்தது.

நான் உட்கார்ந்ததும் செய்த முதல் காரியம், சீலை மொபைலில் படம் எடுத்து அனுப்பினால்தான் ஷீட்டில் எழுதுவேன் என்று விதி போட்டது. பெட்டியும் தெரிய வேண்டும், சீலும் தெரிய வேண்டும், படம் எடுத்தவன் செருப்பும் தெரிய வேண்டும். இந்த மூன்றாவது எதற்கு என்று புதுப் பையன்கள் என்னைத் திட்டுவார்கள். கிழவனுக்குக் கிறுக்கு என்று நினைத்தார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

செல்வா லேக் கார்டன்ஸ் பக்கத்தில் ஒரு தமிழர் மளிகைக் கடையில் சரக்கு பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தார். என் வீட்டிலிருந்து நாலு தெரு. பஸ்ஸிலிருந்து இறங்கினால் அந்தக் கடை வழியாகத்தான் நேர்வழி. நான் ஏரிப் பக்கமாகச் சுற்றி வருவேன். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். மனைவிக்கு எதுவும் தெரியாது. அப்பளம், பெருங்காயம் எல்லாம் அங்கேதான் வாங்குவாள். "செல்வா அண்ணன் இன்னிக்கும் ரெண்டு கொத்து கறிவேப்பிலை கூடப் போட்டுக் குடுத்தார். உங்களை விசாரிச்சார். ஒருநாள் போய்ப் பாருங்களேன்" என்பாள்.

அந்தக் கறிவேப்பிலை தாளித்த ரசத்தை ஒன்பது வருஷம் குடித்தேன். நடந்து நடந்து சர்க்கரை குறைந்தது. டாக்டர் பாராட்டினார்.

6. வழியனுப்பு

போன வருஷம் ஓய்வு பெற்றேன். ஆபீஸில் ஒரு கேக், ஒரு சூட்கேஸ். எங்கேயாவது போய்விடு என்று சொல்கிறார்களோ என்று ஜோக் அடித்தேன். அன்று மாலை தபன் என்னை விடவில்லை. "மணிதா, நசீம் பாய் கடைக்குப் போகாம உன்னை ரிட்டையர் ஆக விடுவேனா?" என்று இழுத்துக்கொண்டு போனான்.

தகரம் புதிது. பெஞ்சு பழசு. தலைகீழ் எழுத்து தேய்ந்து கால்வாசிதான் மிச்சம். அதன்மேல் செல்வா உட்கார்ந்திருந்தார்.

தபன்தான் சொல்லாமல் வரவழைத்திருந்தான். அவனுக்கு அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஏதோ எழுத்துப் பிழையில் செல்வாவுக்கு வேலை போய்விட்டது, வெட்கத்தில் அவர் யாரையும் பார்ப்பதில்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தான்.

"வே மணி" என்றார் செல்வா. தலை முழுக்க நரைத்திருந்தது. கிட்டே போனதும் பெருங்காய வாசனை. "ரிட்டையர் ஆயிட்டீராமே. டாக்கு தப்பிச்சுது."

நான் பேச ஆரம்பித்தேன். நிறுத்தவே இல்லை. கேக்கில் என் பெயரைத் தப்பாக எழுதிய கதை, புது மேனேஜர் கன்டெய்னருக்குள் மாட்டிக்கொண்ட கதை, என் முழங்கால் வலி. தபன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். செல்வா கரித்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நசீம் பாய்க்குக் கை நடுங்குகிறது. ஆனாலும் கம்பியை எடுத்து விளிம்பில் தட்டினார். டக் டக்.

தட்டு வந்தது. செல்வா நூல் நுனியைப் பிடித்து இழுத்தார். பழைய கை. ஒரு துகள்கூட உதிரவில்லை. துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.

"யார்டுக்குப் போனவருக்கு."

என் வாய் அங்கே நின்றது.

"தின்னும்வே. ஆறிரும்."

நான் தபன் பக்கம் திரும்பினேன். "தபன், அந்த பேரிங் பெட்டி ஞாபகம் இருக்கா? அன்னிக்கு நான் யார்டுக்குப் போகவே இல்லை. இங்கேதான் உக்காந்திருந்தேன். இந்தப் பெஞ்சுல. காகிதத்தைப் பாத்து நம்பரைச் சொன்னேன்."

தபன் என் முதுகில் ஓங்கி அடித்தான். "ஆரே தூர், மணிதா! அடுத்தது மூக்கு கதவுல ஒட்டியிருந்ததுன்னு சொல்லு!" அந்த வாக்கியத்தை நானே பல தடவை அவனிடம் ஜோக்காகச் சொல்லியிருக்கிறேன். அவன் சிரித்து முடிப்பதற்குள் லாரி விஷயமாக ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே சாலைப் பக்கம் போய்விட்டான்.

"எனக்குத் தெரியும்வே" என்றார் செல்வா.

"என்ன தெரியும்?"

"நசீம் பாய் கம்பியத் தட்டுத சத்தம். நீரு மூக்கு ஒட்டியிருக்குன்னு சொல்லும்போதே போன்ல கேட்டுச்சு. யார்டுல எவன் கபாப் சுடுதான்? பொறவு இங்க வந்து பாத்தா ஒம்ம செருப்புல ஒரு பொட்டு சேறு இல்ல."

"தெரிஞ்சுமா எழுதினே?"

"எனக்கும் மழதான. எனக்கும் பசிதான. நானும் எந்திரிச்சுப் போயிப் பாத்திருக்கலாம். நூறு பெட்டி ஒழுங்கா இருந்துச்சு, இது மட்டும் என்ன ஆயிரப் போவுதுன்னு எழுதிட்டேன். நீரு சொன்ன பொய் எனக்கும் தோதா இருந்துச்சு வே. அது ஏந் தப்பு. அத ஒம்ம தலையில கட்ட மாட்டேன்."

கொஞ்ச நேரம் நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஆனா தத்தா பாபு ரூம்ல ஒரு நிமிசம் இருந்துச்சு பாத்தீரா. அவரு கேட்டாரு, நான் வாயத் தொறக்கல. அது ஒமக்காக விட்ட நிமிசம். போனா ரெண்டு பேராப் போவோம், ரெண்டு பேராச் சேந்து வேற என்னமாவது பாப்போம்னு நெனச்சேன். நீரு ஜோக்கு சொன்னீரு." என்னை நேராகப் பார்த்தார். "நல்ல ஜோக்கு. நானே சிரிச்சுட்டேன்."

 "மன்னிச்சுடு" என்று ஒரு சொல் வந்தது. ஒன்பது வருஷம் ஏரியைச் சுற்றி நடந்து கொண்டுவந்த சொல் அவ்வளவுதான்.

அவர் நூலைக் கீழே போட்டார். எழுந்து கை கழுவினார். அவர் தட்டில் எதுவும் குறைந்திருக்கவில்லை. "காலையில சரக்கு எறங்குது, நான் வாரேன். தபன்ட்டச் சொல்லிரும்." இரண்டடி போய்த் திரும்பினார். "வீட்ல கறிவேப்பில தீந்துருச்சுன்னாங்க. அனுப்பி வைக்கேன்."

நசீம் பாய் வந்து தட்டைப் பார்த்தார். கறியில் ஏதும் குறையா என்று கேட்டார். கறியில் குறை இல்லை என்றேன்.

7. புதிதாக வருகிறவர்களுக்கு

மறுநாள் தத்தா பாபுவுக்குப் போன் செய்தேன். அவரும் இப்போது ஓய்வில்தான் இருக்கிறார். பேரிங் பெட்டியின் சீலை யாரும் பார்க்கவில்லை, பார்க்க வேண்டியவன் நான் என்று சொன்னேன். அவர், "சுப்ரமணி, நீ மாறவே இல்லை" என்று சிரித்தார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

ஆக, வாயால் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். முப்பது வருஷம் எல்லாவற்றையும் சிரிப்பாக விற்றவன் திடீரென்று ஒருநாள் உண்மையைக் கொண்டுவந்தால் யார் வாங்குவார்கள்? அதனால் எழுத்தில் தருகிறேன். எங்கள் தொழிலில் எழுதினதுதான் செல்லும்.

பிள்ளைகளே, எண்ணைக் காகிதத்தில் படிக்காதீர்கள், நடந்துபோய்ப் பெட்டியில் படியுங்கள். நீங்கள் பார்க்காததைப் பார்த்ததாக உங்கள் சினேகிதன் எழுத விடாதீர்கள். கேள்வி கேட்கப்படும்போது அறை ஒரு நிமிஷம் அமைதியானால், அந்த நிமிஷம் யாருக்காக விடப்பட்டது என்று பாருங்கள். உங்களுக்காக என்றால், தயவுசெய்து ஜோக் சொல்லாதீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமையின் சீல் ஷீட்டில் ஒரு திருத்தம் பாக்கி இருக்கிறது. ஆபீஸ் அதை எப்போதோ கிழித்துப் போட்டிருக்கும். ஆனாலும் முறைப்படி எழுதிவிடுகிறேன்.

பெட்டியில் உள்ள எண்: படிக்கப்படவில்லை.

நேரில் பார்த்தவர்: செல்வராஜ் அல்ல. எவரும் இல்லை.

முதல் துண்டைத் தின்றவர்: சுப்ரமணி.